மூன்று ஊசி, மூன்று பேர்

எங்கள் லாண்டரிச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. மற்ற வீடுகளில் காலண்டரில் பால் வராத நாளைக் குறித்து வைப்பார்கள், சிலிண்டர் வந்த நாளைக் குறித்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் நான் முறையைக் குறித்து வைப்பேன். இன்றைக்கு அழுக்குத் துணி பிரிப்பது யார், மிஷினில் நிற்பது யார், இஸ்திரி யார், மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பது யார். இருப்பதே மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், அவர் தம்பியின் மனைவி. தம்பி கத்தாரில் ஒரு ஹோட்டல் லாண்டரியில் இருக்கிறான். எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளைத் துணிப்பக்கமே விடுவதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் நாலு லாட்ஜ், ஒரு ஹோட்டல், ஒரு சின்ன ஆஸ்பத்திரி, இத்தனை பேரின் விரிப்பையும் தலையணை உறையையும் மூன்று பேர் துவைத்துத் தேய்த்துக் கொடுக்க வேண்டுமென்றால் முறை இல்லாமல் முடியாது.

முறை போடுவது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த கூத்துக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், நானும் ஊரையெல்லாம் திட்டித் தீர்த்தேன். ஆனால் அந்தக் காலண்டரில் இருந்தது என் கையெழுத்து.

எங்களுக்கு எல்லாமே முறைதான். ரேஷன் கடைக்கு ஒருவர் போனால் வீட்டுக்கே ஆயிற்று. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு ஒருவர் போய் உட்கார்ந்து வந்தால் போதும். கல்யாண வீட்டுக்கு ஒருவர், சாவு வீட்டுக்கு ஒருவர். ஓட்டுப் போடுவதற்கு மட்டும்தான் மூன்று பேரும் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியிருக்கும். அன்றைக்கெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டேதான் வரிசையில் நிற்பேன்.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஏதோ தரச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. நோயாளிகளின் துணியைத் தொடுகிறவர்கள் எல்லோரும் மஞ்சள் காமாலைக்கான ஊசி போட்டிருக்க வேண்டும் என்று விதியாம். அதில் பல வகை இருக்கிறது, இது ரத்தம் வழியாக வருகிற பி வகை என்று அங்கே இருந்த சிஸ்டர் சொன்னார். தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது அந்த சிஸ்டரின் வேலை. எப்போது பார்த்தாலும் கையில் ஒரு ஃபைலோடு ஓடிக்கொண்டிருப்பார். ஊசி போடத் தொடங்கிய முதல் வியாழக்கிழமை மூட்டை கொண்டுபோகிற முறை என்னுடையது. என்னைப் பிடித்து உட்கார வைத்து, புதிதாக ஒரு கார்டை எடுத்துக்கொண்டு, "பேரு?" என்றார். நான் லாண்டரியின் பெயரைச் சொன்னேன். கேட்டில் வைத்திருக்கும் நோட்டில் அதைத்தான் எழுதுவேன், மூட்டை ரசீதில் அதைத்தான் எழுதுவேன். அவரும் அதையே எழுதினார்.

"மூணு டோஸ் உண்டு, கேட்டோ. அடுத்தது ஒரு மாசம் கழிஞ்சு. மூணாமத்தது ஆறாம் மாசம். மறக்கருது," என்றார் மலையாளத்தில், மறக்கக் கூடாதாம். அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் யாரோ கூப்பிட, ஃபைலோடு ஓடிவிட்டார்.

மூன்று டோஸ். கார்டில் மூன்று கட்டம். நாங்கள் மூன்று பேர். இதில் எனக்கு என்ன சந்தேகம் வரும்? வீட்டுக்கு வந்து காலண்டரில் ஒரு மாதம் தள்ளி ஒரு வட்டம் போட்டு வீட்டுக்காரருக்கு என்று எழுதினேன். அடுத்த காலண்டர் வந்ததும் ஆறாவது மாதத்தில் ஒரு வட்டம் போட்டு ஓரகத்திக்கு என்று எழுதினேன். வீட்டுக்காரர் போனார், கார்டை நீட்டினார், வேறொரு சிஸ்டர் தேதியைப் பார்த்து ஊசியைப் போட்டு இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆறாவது மாதம் இவள் போனாள், கார்டை நீட்டினாள், மூன்றாவது கட்டமும் நிறைந்தது. கை வலிக்கிறது என்று அன்றைக்கு இஸ்திரி முறையை என்னிடம் தள்ளிவிட்டாள். எனக்கும் வலித்தது, நான் யாரிடமாவது தள்ளினேனா என்று கேட்டேன்.

நிறைந்த கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு லைசென்ஸுக்குப் பக்கத்தில் மாட்டினேன். சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் எங்கள் கடையையும் எட்டிப் பார்த்தார்கள். கார்டைப் பார்த்து, மூன்று கையெழுத்தையும் எண்ணி, நன்று என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஆடி மழை. துணி காயாமல் எனக்கு எல்லோர் மேலும் எரிச்சலாக இருந்த வாரம். பிரிக்கிற முறை ஓரகத்திக்கு. கனமான ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அது அவளுக்கு வேர்க்கிறதாம், கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் பிரிப்பாள். ஆஸ்பத்திரி மூட்டையில் ஒரு விரிப்பை உதறியபோது, மடிப்புக்குள் மாட்டியிருந்த ஊசி அவள் ஆள்காட்டி விரலின் அடியில் ஏறிவிட்டது. மருந்து ஏற்றுகிற ஊசி, குழலில் ரத்தம் காய்ந்திருந்தது. பிடுங்கிப் போட்டு, குழாயில் கையைக் கழுவிவிட்டு, மிச்ச மூட்டையையும் பிரித்து முடித்துவிட்டாள். மத்தியானம் சோறு போடும்போதுதான் சொன்னாள்.

"ஊசி குத்திட்டுக்கா. நமக்குத்தான் தடுப்பூசி போட்டாச்சுல்லா, ஒண்ணும் ஆவாது."

"போட்டாச்சே. அப்புறம் என்ன?" என்று நானும் சொன்னேன். ரசம் வேண்டுமா என்று கேட்டேன். இதை எழுதும்போது எனக்கு என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல் இருக்கிறது.

மறுநாள் அந்த ஊசியை ஊறுகாய் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனது வைத்தியத்துக்கு அல்ல, சண்டைக்கு. ஊசியை இப்படித் துணியில் சுருட்டி அனுப்பினால் நாங்கள் மனிதர்களா இல்லையா என்று கேட்பதற்காக. கேட்டேன். வார்டுக்கே கேட்கும்படி கேட்டேன். சிஸ்டர் பாட்டிலைப் பார்த்ததும் முகம் மாறி, "ஆர்க்கா குத்தியது? எப்போ? இப்போ தன்னெ விளிச்சோண்டு வா," என்று என்னைத் திருப்பி அனுப்பினார். ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். மறக்காமல் சுவரில் இருந்த கார்டையும் உறையோடு கழற்றி எடுத்துக்கொண்டேன். எங்களிடம் குற்றம் இல்லை என்று காட்ட வேண்டுமே.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் அம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். நேற்றே வந்திருக்க வேண்டும் என்று அதட்டினார். தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார். நான் கார்டை நீட்டினேன். பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"இது ஆருடெ கார்டா?"

"எங்களோடதுதான்."

"எங்களோடதுன்னா? இவங்களோடதா?"

"இவளோடதும்தான் டாக்டர். மூணு பேருக்கும் அதுதான்."

அவர் என்னை விட்டுவிட்டு ஓரகத்தியைப் பார்த்தார். "மூணு ஊசியும் நிங்ஙள் தன்னெ எடுத்ததல்லே?"

"இல்ல டாக்டர்," என்றாள் அவள், பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வது போல. "நான் மூணாவது மட்டுந்தான். மொத ஊசி அக்கா போட்டாங்க. ரெண்டாவது அத்தான்."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். ஒரு நொடி சிரிப்பு வந்தது அவருக்கு, நான் பார்த்தேன். அப்புறம் அது போய்விட்டது. மூன்றையும் ஒரே ஆள் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். முதல் ஊசி உடம்புக்கு இந்தக் கிருமி யாரென்று காட்டிக்கொடுக்கும், இரண்டாவது நினைவுபடுத்தும், மூன்றாவதில்தான் நிலைக்கும். ஆளுக்கு ஒன்று போட்டால் ஒருவருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. இதைத் தமிழிலும் சொன்னார், மலையாளத்திலும் சொன்னார், எங்களுக்கு இரண்டும் புரியும் என்று தெரிந்தும் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம். சிஸ்டரைக் கூப்பிட்டு, பெயரே இல்லாத கார்டில் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள், ஒரு தடவை பெண், ஒரு தடவை ஆண், அதுகூடவா தெரியாது என்று கேட்டேன். லாண்டரியின் பெயரைச் சொன்னது யார் என்று அவர் கேட்டார். மூன்று டோஸ் என்று மட்டும் சொன்னீர்களே, ஒரே ஆளுக்கு மூன்று என்று சொன்னீர்களா என்று நான் கேட்டேன். அது சொல்லியா தெரிய வேண்டும் என்று அவர் கேட்டார். எங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த வீட்டுக்காரர் நடுவில் புகுந்து, "சரி சரி, பாத்துக்கலாம்," என்றார். அவருக்கு வீடு பற்றி எரிந்தாலும் பாத்துக்கலாம்தான். நான் அவரையும் சேர்த்துத் திட்டினேன். இவ்வளவு சத்தத்துக்கும் நடுவில் ஓரகத்தி நாற்காலியில் உட்கார்ந்து தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஆறு வருடமாகப் புருஷன் கத்தாரில், அவள் இங்கே. அவன் வேலை செய்கிற ஹோட்டலிலேயே அவளுக்கும் ஒரு வேலை சொல்லி வைத்திருந்தான். அடுத்த வருடம் தொடக்கத்தில் எறணாகுளத்தில் விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனை. ரத்தத்தில் இந்தக் கிருமி இருந்தால் அன்ஃபிட் என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி ஆகியிருக்கிறது. பெட்டியெல்லாம் கட்டிவிட்டு மெடிக்கலுக்குப் போனவர், வெறும் கையோடு வந்து உட்கார்ந்தார். அந்த மனிதர் எங்கள் கடைக்கு வந்து சாயா குடித்துக்கொண்டே சொன்னதை இவளும்தான் கேட்டிருந்தாள்.

அன்றைக்கே அவள் ரத்தத்தை எடுத்தார்கள். ஒரு கையில், கிருமியை உடனே எதிர்க்கிற மருந்து. இன்னொரு கையில் தடுப்பூசி. அவள் போட்டிருந்த மூன்றாவது ஊசி அவளுக்கு முதல் ஊசி ஆயிற்று, இது இரண்டாவது, மூன்றாவதற்குத் தேதி எழுதிக் கொடுத்தார்கள். கையில் ஏறிய ஊசி யாருக்குப் போட்டது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அது ஒரு முழு வார்டின் மூட்டை. அதனால் வேறு சில நோய்களுக்கும் சேர்த்துச் சோதித்தார்கள், அவையெல்லாம் நல்லபடியாக முடிந்தன. இந்த பி மட்டும் மெதுவாக வருகிற பேர்வழி. இன்றைக்கு இல்லை என்றால் ஊசி குத்துவதற்கு முன் இல்லை என்றுதான் அர்த்தம் என்றார் டாக்டர். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், நடுவில் சும்மா சும்மா எடுக்க வேண்டாம் என்றார். கடைசியாக என்னைப் பார்த்து, "நீங்கள் இரண்டு பேரும்கூட. முதலில் டெஸ்ட், பிறகு மிச்ச ஊசி. ஒவ்வொருத்தரும் தனித்தனியாக," என்றார். அந்தத் தனித்தனியாகவை அழுத்திச் சொன்னார்.

அன்றைய ரிசல்ட்டில் அவளுக்கு இல்லை. எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஆனால் அவள் டாக்டர் சொன்னதைக் கேட்டாளா? அடுத்த வாரமே தோப்பும்படியில் ஒரு லேபில் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். இல்லை. அதற்கடுத்த வாரம் பள்ளுருத்தியில் இன்னொரு லேப். இல்லை. காய்கறி வாங்கப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போவாள், ஒரு மணி நேரம் கழித்து முழங்கை மடிப்பில் பஞ்சை ஒட்டிக்கொண்டு வருவாள். பையில் ஒரு வெண்டைக்காய்கூட இருக்காது. அவள் முறையையும் நானே பார்ப்பேன். "ஏண்டி, ஆறு மாசம்னு சொன்னாங்களா, ஆறு நாள்னு சொன்னாங்களா?" என்று கத்துவேன். "மனசு கேக்கமாட்டேங்குக்கா," என்பாள். மனசு கேட்காவிட்டால் ரத்தத்தைக் கொட்டிவிட்டு வருவதா? இருக்கிற ரத்தத்தை எல்லாம் லேப்காரனுக்குக் கொடுத்துவிட்டு விமானத்தில் எதை வைத்துக்கொண்டு ஏறப்போகிறாய் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

நாலாவது மாதம் மூன்றாவது ஊசி போட்டாள். போட்ட நாலாம் நாள் வழக்கம்போல் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளுருத்திக்குப் போனாள். அன்றைக்கு ரிப்போர்ட்டில் இருக்கிறது என்று வந்தது.

நான் இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் உள்ளே வந்து, தேய்க்காத விரிப்புக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். அழவில்லை. "நா போவலக்கா. அவருகிட்ட சொல்லிருங்க," என்றாள். எல்லாம் என் காலண்டரால் வந்தது என்று முதல் தடவையாகத் தோன்றியது. முதல் வியாழக்கிழமையே ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டு மூன்று பேருக்கும் மூன்று கார்டு வாங்கியிருந்தால், இவள் இன்று இந்தக் குவியலில் உட்கார்ந்திருக்க மாட்டாள். அவள் தலையைத் தொடலாம் என்று கையை நீட்டினேன். நீட்டிய கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதை வைத்துவிட்டு வருவதற்குள் அவள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஊசி போட்ட தேதியைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டார். தடுப்பூசி என்பதே அந்தக் கிருமியின் மேல்தோல் போன்ற ஒரு பகுதிதானாம், உயிர் இல்லாதது. போட்ட சில நாட்களுக்கு, சிலருக்கு, ரத்தத்தில் அதுவே தென்படும். டெஸ்ட் அதைப் பார்த்து இருக்கிறது என்று சொல்லிவிடும். "இது நோய் அல்ல, நான் போட்ட மருந்தாகத்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து எடுத்தால் தெரியும். யார் உங்களை இப்போது எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார். யார் சொன்னது என்று நானும் கேட்டேன். டாக்டர் கார்டின் மேல், இந்தத் தடவை அவள் பெயர் போட்ட கார்டின் மேல், அடுத்த தேதி வரை லேப் பக்கம் போகக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு மாதம் நாங்கள் எப்படி இருந்தோம் என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரர்கூடப் பாத்துக்கலாம் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். மாதம் முடிந்து எடுத்தபோது, இல்லை. அவள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். நானும் அழுதேன், அழுதுகொண்டே திட்டினேன்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரரை சிஸ்டர் கேட்டிலேயே பிடித்துவிட்டார். ஆட்டோவிலிருந்து மூட்டையை இறக்குவதற்குள் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டார். அவருக்கு இல்லை. மிச்சம் இரண்டு ஊசியையும் தேதி தவறாமல் போட்டுக்கொண்டார். மகளுக்குப் பிறந்த அன்றே தொடங்கி எல்லா ஊசியும் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஒரே ஆள் நிரப்பிய கார்டு அவளுடையது மட்டும்தான்.

மிச்சம் நான். கேட்டில் ஒவ்வொரு தடவையும் சிஸ்டர், "நிங்ஙளோ?" என்பார். ஹோட்டல் துணி நிறைய வந்திருக்கிறது, அடுத்த வாரம் என்பேன். கிறிஸ்துமஸ் கூட்டம் முடியட்டும் என்பேன். உண்மையில் எனக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வீடு, ஒரே துணி, ஒரே சோறு. மூன்று பேரில் இரண்டு பேருக்கு இல்லை. எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? அவர்கள் பார்த்தாயிற்று, வீட்டுக்கே ஆயிற்று. இவ்வளவு பட்ட பிறகும் என் புத்தி மறுபடியும் ரேஷன் கடையில்தான் போய் நின்றது. அது எனக்கு அப்போது தெரியவே இல்லை.

ஆறாவது மாத டெஸ்ட்டிலும் அவளுக்கு இல்லை. எறணாகுளம் மெடிக்கலில் ஃபிட். விசா வந்தது, டிக்கெட் வந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு காலையில் நான் முறை பார்க்கக் காலண்டர் பக்கம் போனால், அன்றைய தேதியில் அவள் கோணல் கையெழுத்தில் 'அக்கா' என்று எழுதியிருந்தது. மறுநாள் கட்டத்திலும் 'அக்கா'. அந்த வாரம் முழுக்க 'அக்கா'.

"என்னடி இது? பிரிக்கிறது, தேய்க்கிறது எல்லாம் நானா? நீ இன்னும் போகல, அதுக்குள்ள உன் முறையெல்லாம் என் தலையிலயா?"

"லேபுக்கு. இன்னைக்கு முடியாதுன்னா நாளைக்கு. நீங்க போவாம நா பிளேன் ஏற மாட்டேன்," என்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதம் நான் அவளைத் திட்டிய திட்டையெல்லாம் ஒரே நாளில் திருப்பித் தந்துவிட்டாள். ஊர்க்காரர் ரத்தத்துக்கெல்லாம் காவல் இருக்கத் தெரிகிறது, தன் ரத்தத்துக்குப் பயமா என்று கேட்டாள். பயமில்லை, வேலை என்றேன். அவளே என்னை ஆட்டோவில் ஏற்றி, பள்ளுருத்தி லேபில் அவளுக்குப் பழக்கமான நாற்காலியில் உட்கார வைத்தாள்.

அவளை விமான நிலையத்தில் விட நாங்கள் காரில் போய்க்கொண்டிருந்தபோது மத்தியானம் போனில் என் ரிப்போர்ட் வந்தது. வல்லார்பாடம் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். திறந்து பார்த்தேன். இருக்கிறது என்று இருந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்?

"ரிசல்ட்டாக்கா?" என்றாள் பின்சீட்டிலிருந்து.

"ஆமா. இல்லன்னு வந்திருக்கு. இப்ப சந்தோஷமா?" என்றேன் சிரித்துக்கொண்டே. போனைப் பைக்குள் போட்டேன். அவள் என் தோளைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். நெடும்பாஸேரி விமான நிலையத்தின் உள்ளே போகிற வரைக்கும் திரும்பித் திரும்பிக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

எனக்கு இருப்பது பழையது என்றார் டாக்டர் அம்மா. ஊசியால் தெரிகிற தோற்றம் அல்ல, நான் ஒரே ஒரு ஊசி போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிறக்கும்போதே வந்திருக்கலாம். இருபது வருடம் முன்பு ஏதோ ஒரு விரிப்பில் குத்திய ஏதோ ஒரு ஊசியாக இருக்கலாம். எனக்கு எத்தனை குத்தியிருக்கும் என்று எண்ணி வைத்திருக்கிறேனா? இனிமேல் தடுப்பூசி எனக்கு உதவாது. முதல் கட்டத்தில் நான் போட்ட அந்த முதல் ஊசிகூட வீண்தான், யாராவது முதலில் என் ரத்தத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கல்லீரல் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, மாத்திரை வேண்டாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், கூடவே ஸ்கேன். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "இருக்கிற நாளைக்கு," என்றார். அவர் அதை அதட்டாமல் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மகளுக்கும் எடுத்துப் பார்த்தோம். இல்லை, நல்ல பாதுகாப்பு இருக்கிறது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நான் யாரையும் திட்டவில்லை.

ஓரகத்தியிடம் என் வீட்டுக்காரர் உளறிவிட்டார். கத்தாரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது, முழுதாக நாலு நிமிடம். மூன்றரை நிமிடம் திட்டு. பொய் சொன்னதற்கு, பாலத்தில் சொன்னதற்கு, சிரித்துக்கொண்டே சொன்னதற்கு. கடைசி அரை நிமிடம் பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "முறை மாத்த முடியாதுக்கா. நா வந்து ஒங்களுக்காவ போட்டுக்க முடியாது. போயிருங்க," என்று முடித்தாள். காலண்டரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். ஆறு மாதம் தள்ளி ஒரு வட்டம், அதில் நான்.

இன்று அந்த வட்டம். காலையிலேயே மூன்று தடவை போன் செய்துவிட்டாள். கிளம்பிவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள், ஆட்டோ சத்தம் கேட்க வேண்டுமாம். பள்ளுருத்தி லேபில் அதே நாற்காலி. வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர், மின்விசிறி ஓடவில்லை, வீட்டில் ஒரு ஹோட்டல் மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது. எனக்கு எல்லார் மேலும் எரிச்சலாக இருந்தது. என் முறை வந்தது. உள்ளே இருந்த பெண் கையில் ஊசியோடு, நிமிர்ந்து பார்க்காமலே, "பேரு?" என்றாள்.

பழக்கத்தில் லாண்டரியின் பெயர் வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு என் பெயரைச் சொன்னேன்.